கீரிமலையிலிருந்து கூட்டு வாசிப்பு: ஜமுலஸா, சோனோபஸா?

வாட்ஸ்அப் அழைப்பில் ஒருவர் பாட, இன்னொருவர் மிருதங்கம் வாசிக்க முயன்றால் இரண்டு மூன்று ஆவர்த்தனத்துக்குள் தாளம் குலைந்துவிடும். பாடுபவர் மிருதங்கத்துக்காகத் தயங்குவார், மிருதங்கக்காரர் பாட்டுக்காகத் தயங்குவார், காலப்பிரமாணம் இழுபட்டுக்கொண்டே போகும். வாசிப்பவர்களில் குறை இல்லை. அந்தச் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. பேச்சுக்கு 150 மில்லிவிநாடித் தாமதம் ஒரு பொருட்டல்ல. இசைக்கு அது தாங்காது. அட்சரத்துக்கு ஒரு விநாடி என்று வைத்து எட்டுச் சொல் வாசித்தால், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே இருப்பது 125 மில்லிவிநாடிதான்.

சேர்ந்து வாசிக்க ஒரு பக்கத் தாமதம் ஏறக்குறைய 25 மில்லிவிநாடிக்குள் இருக்கவேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. எட்டு மீற்றர் தள்ளி இருப்பவரின் ஓசை காற்றில் வந்துசேர எடுக்கும் நேரம் அது. இதற்கென்றே எழுதப்பட்ட, காசு கேட்காத இரண்டு மென்பொருள்களைக் யாழ்ப்பாணத்துக் கீரிமலை வீடொன்றில் வைத்துச் சோதித்தேன்: ஜமுலஸ், சோனோபஸ். இந்தப் பக்கத்துக்கு இவை மிகவும் வேண்டியவை. 1990இல் போரால், கீரிமலையும் அடங்கிய வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களில் பல இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்றன. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைப் பீடத்தில் படிப்பவருக்கும் அங்கே பிறந்து பாட்டுப் பழகும் மச்சாளுக்கும் ஒரே கீர்த்தனை தெரியும். சேர்ந்து பாடத்தான் வழியில்லை.

மென்பொருளுக்கு முன்னால் வீட்டைப் பார்க்கவேண்டும். "எங்கட லைன் நல்ல வேகம்" என்று எல்லாரும் வேகச் சோதனையைக் காட்டுவார்கள். அந்த எண் இங்கே உதவாது. நல்ல தரத்தில் ஒரு குரலை அனுப்ப ஒரு மெகாபிட்டே தாராளம். வேண்டியது சீர்: ஒவ்வொரு தரவுப் பொதியும் ஒரே இடைவெளியில் வந்துசேர வேண்டும். கணினியிலிருந்து வீட்டு ரவுட்டருக்குத் தொடர்ந்து பிங் கொடுத்துப் பார்த்தேன். வைஃபையில் 3, 4 மில்லிவிநாடி என்று வந்துகொண்டிருந்த எண் திடீரென்று 60, 90 என்று எகிறி மறுபடி இறங்கியது. வெளி இணையத்தைத் தொடாமலே, வீட்டுக்குள்ளேயே இவ்வளவு ஆட்டம். அலை தடைப்பட்டால் வைஃபை பொதியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். அந்த நேரமெல்லாம் தாமதமாகச் சேரும். இந்த ஊர்ப் பழைய வீடுகளின் சுண்ணாம்புக்கல் சுவர்கள் தடித்தவை. முன் விறாந்தையில் ரவுட்டரும் பின் அறையில் பாட்டும் என்றால் நடக்காது.

ஈதர்நெட் கேபிள் இழுத்தவுடன் அதே பிங் 1 மில்லிவிநாடியில் அசையாமல் நின்றது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். நூறு மீற்றர் வரை சாதாரண கேட்-5இ கேபிளே போதும், வளவுக்குள் எந்த அறைக்கும் போய்ச் சேரும். ஆனால் கடல் இவ்வளவு கிட்ட இருப்பதால் கேபிள் தலையின் செப்பு முனைகள் உப்புக்காற்றில் பச்சை பிடிக்கும். தொடர்பு விட்டுவிட்டு வந்தால் தலையை வெட்டிப் புதிதாகப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் கேபிளைக் கழற்றி வைப்பதும் நல்லது.

அடுத்த எதிரி அப்லோட். பாடிக்கொண்டிருக்கும்போது வீட்டில் ஒருவரின் கைபேசி படங்களை மேகத்துக்கு ஏற்றத் தொடங்கினால் பொதிகள் ரவுட்டரில் வரிசையில் நிற்கும், ஓசை வெட்டுப்படும். ரவுட்டரில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் கியூஓஎஸ் வசதி இருந்தால் அப்லோட் உச்சத்தை உண்மை வேகத்தின் 85 அல்லது 90 விழுக்காட்டில் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு மணி நேரம் எல்லாரிடமும் சொல்லி நிறுத்துவதுதான். புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். அது தானாகவே நூறு மில்லிவிநாடிக்கு மேல் கூட்டக்கூடியது. வயர் ஹெட்போன், யூஎஸ்பி ஒலி இடைமுகம், பஃபர் 128 சாம்பிள் என்று வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரின் தாமதம் 2.7 மில்லிவிநாடிதான்.

இனி மென்பொருள். சோனோபஸ் ஒருவரை இன்னொருவருடன் நேரே இணைக்கிறது. குழுப் பெயர் ஒன்றை இரு பக்கமும் இட்டால் போதும். ஒவ்வொருவரின் தாமதமும் திரையில் தெரியும், ஒலிப்பதிவும் உள்ளேயே இருக்கிறது. இரண்டு பேருக்கு இதைவிட எளிதானது நான் பார்க்கவில்லை. ஆனால் ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் மற்ற எல்லாருக்கும் தனித்தனியே அனுப்பவேண்டும். 4ஜி ரவுட்டரில் இன்னொரு சிக்கல். அதன் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையான தொகுதியில் இருந்தால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன என்று பொருள். உங்கள் ரவுட்டரில் போர்ட் திறந்து பயனில்லை. நேரடி இணைப்பு சிலவேளை கூடாமலே போகும்.

அந்த இடத்தில் ஜமுலஸ் கைகொடுக்கிறது. வோல்கர் ஃபிஷர் எழுதத் தொடங்கிய இந்தத் திறந்த மென்பொருளில் எல்லாரும் நடுவிலுள்ள ஒரு சேவையகத்துக்கு அனுப்புகிறார்கள். அது கலந்து திருப்பித் தருகிறது. வீட்டில் போர்ட் எதுவும் திறக்கவேண்டியதில்லை. தாமதத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்காகக் காட்டுகிறது. மூன்று பேருக்கு மேல் என்றால் என் தெரிவு இதுதான். ஆனால் நம் குரலையும் சேவையகத்திலிருந்து திரும்பி வரும்படியே ஹெட்போனில் கேட்டுப் பாடப் பழகவேண்டும். வீணைக்கும் வயலினுக்கும் அது கைவரும். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் வராது. எந்த ஹெட்போனையும் மீறி வாத்தியத்தின் நேரடி ஓசை காதில் விழும், திரும்பி வரும் ஓசையோடு மோதும். தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தந்த மண்ணில் இதை எழுத வருத்தமாகத்தான் இருக்கிறது.

மிச்சம் இருப்பது தூரம். தமிழ்நாட்டுக் கோடியக்கரை இங்கிருந்து நேர்கோட்டில் 60 கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் நம் பொதி கொழும்புக்குப் போய்க் கடலடிக் கேபிளில் சுற்றித்தான் தமிழ்நாடு சேரும். கண்ணாடியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் போகும். இலண்டன் 8,000 கிலோமீற்றருக்கு மேல். நேரே இழை போட்டாலும் ஒரு பக்கத்துக்கே 40 மில்லிவிநாடி. ரொறன்ரோவுக்கு 65க்கும் மேல். இதை எந்த ரவுட்டரும் குறைக்காது.

யாழ்ப்பாணத்துக்குள்ளும் கொழும்போடும் கேபிளில் ஜமுலஸ் வைத்து உண்மையாகவே சேர்ந்து வாசிக்கலாம். ரொறன்ரோவோடு முறையை மாற்றவேண்டும். இங்கே மிருதங்கம் மறுபக்கத்தைக் கேட்காமல் தன் காலப்பிரமாணத்தில் போகட்டும். அங்கே மச்சாள் அதைக் கேட்டுப் பாடட்டும். அவர் காதில் தாளம் ஒழுங்காக இருக்கும், இங்கேதான் குரல் பிந்தி வரும். ஆகவே சோனோபஸின் பதிவு பொத்தானை அங்கே அழுத்தச் சொல்லுங்கள்.