நிறைவு விழாவுக்காக ஒரு முகாம்

மே பிறந்தால் தேனியிலிருந்து கூடலூர் வரை சாலையோரம் இரண்டு வகை ஃபிளக்ஸ் முளைக்கும். ஒன்றில் பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் மார்க் குவித்த பிள்ளைகளின் பாஸ்போர்ட் முகங்கள், கீழே 500-க்கு இத்தனை, 600-க்கு இத்தனை என்று கொட்டை எழுத்தில். இன்னொன்றில் சம்மர் கேம்ப்: அபாகஸ், கீபோர்டு, சிலம்பம், ஹேண்ட்ரைட்டிங், ரோபோட்டிக்ஸ். முதல் ஃபிளக்ஸைக் குறை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டாவதைத்தான் அந்த நோய்க்கு மருந்து என்று எல்லோரும் நம்புகிறோம். எனக்கு வழக்கு அந்த நம்பிக்கையோடு.

இந்தக் கோடையில் ஒரு முகாமின் நிறைவு விழாவில் தாளாளர் ஒருவர் பேசினார்: "செல்லுல கெடந்த பிள்ளைகள மீட்டு மேடையில நிறுத்தியிருக்கோம்." மண்டபம் அதிரக் கைதட்டல். தட்டாதவர்களின் கையில் செல் இருந்தது, படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது உள்ளூர் வாத்தியார் முதல் வாட்ஸ்அப் குழு வரை முகாமுக்குச் சொல்லும் நியாயம் இந்த ஒன்றுதான்.

முகாம்களால் நன்மை இல்லை என்று சாதிக்க மாட்டேன். பகலில் ஆளில்லாத வீட்டுக் குழந்தைக்கு அது பத்திரமான இடம். பெரிய மனுஷி ஆனபின் தெருவில் விளையாட விடாத பெண் பிள்ளை அங்கே வாய்விட்டுச் சிரிக்கிறாள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடைதோறும் மாவட்ட விளையாட்டரங்குகளில் நடத்தும் பயிற்சியில் உண்மையாகவே வியர்வை சிந்துகிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இல்லங்கள் என்ற சிறுவர் மன்றங்களில் குப்பையில் கிடந்த பாட்டிலைக்கொண்டு பிள்ளைகள் சோதனை செய்வதைப் பார்த்திருக்கிறேன். இவையெல்லாம் இருக்கட்டும். ஃபிளக்ஸ் கட்டிக் கூப்பிடும் முகாம்கள் இந்த வகை அல்ல.

அவற்றின் கோளாறு எது என்று கேட்டால், பல வருஷமாக நான் ஒரே பதில்தான் சொல்லிவருகிறேன். அவை கடைசி நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடப்படுகின்றன. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, சிறப்பு விருந்தினருக்குத் தேதி சொல்லியாயிற்று, கேடயத்தில் பெயர் பொறிக்கக் கொடுத்தாயிற்று. அதன் பிறகுதான் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். முதல் இரண்டு நாள் டி-ஷர்ட் அளவெடுப்பில் போகும். பாதி முகாம் தாண்டுவதற்குள் ஒத்திகை தொடங்கிவிடும். இதற்கு நடுவே ஒரு பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்?

சிலம்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒழுங்கான ஆசான் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் காலடி போட வைப்பார். நிற்கத் தெரிந்த பிறகுதான் சுற்று. அது பார்ப்பதற்குச் சலிப்பான பாடம், மேடையில் காட்ட எதுவும் தேறாது. ஆகவே முகாமில் காலடிக்கு விடை கொடுத்துவிட்டு நேரே அலங்கார வீச்சு. கம்பின் இரு முனையிலும் விளக்கு மினுக்கினால் அரங்கத்தில் விசில் பறக்கும். கீபோர்டு வகுப்பில் கட்டைகள்மேல் எண் ஒட்டியிருப்பார்கள், ஒன்று, மூன்று, ஐந்து என்று அழுத்தினால் ஒரு பாட்டின் பல்லவி வந்துவிடும். ஸ்டிக்கரை உரித்துவிட்டு அதே பல்லவியை வாசிக்கச் சொன்னால் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும்.

என் மகள் இப்படி ஒரு முகாமின் ஓவிய வகுப்பில் சேர்ந்தாள். அவள் கொண்டுவந்த படத்தில் இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், இரண்டு தென்னை, ஒரு குடிசை. எங்கள் மொட்டை மாடியில் ஏறினால் கிழக்கே மேகமலை படுத்துக் கிடக்கிறது, மேற்கே கேரள எல்லை மலை. இரண்டிலும் முக்கோணம் கிடையாது. கீழ்ப்பாதியில் திராட்சைப் பந்தல், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பன்னீர் திராட்சை. பச்சையில்தான் எத்தனை விதம்! படத்தில் அவை எதுவும் இல்லை. "மிஸ்ஸு போட்ட படத்தப் பாத்துப் போட்டோம், நிறைவு நாளுக்கு எல்லார்து ஒரே மாரி இருக்கணுமாம்," என்றாள். சூரியனுக்கு மட்டும் மிஸ்ஸே வண்ணம் தீட்டினாராம். அந்தப் படத்துக்குச் சட்டகமும் போட்டு இரண்டாம் பரிசும் கொடுத்துவிட்டார்கள்.

2017 மே மாதம் தமிழக அரசு பொதுத் தேர்வுகளில் மாநில, மாவட்ட ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. பிள்ளைகளுக்குள் ஆரோக்கியமற்ற போட்டி வேண்டாம் என்பதுதான் சொன்ன காரணம், நல்ல காரணம். ஆனால் ரேங்க் கேட்ட மனம் எங்கும் போய்விடவில்லை. வயதில் கீழே இறங்கிவிட்டது. இன்று யு.கே.ஜி. முடித்த பிள்ளைக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிப் பட்டமளிப்பு நடக்கிறது. நூறு பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி ஒரே நேரத்தில் யோகாசனம் செய்யவைத்து 'உலக சாதனை' என்கிறார்கள். அந்தச் சாதனையைப் பதிவு செய்யக் கட்டணம் வாங்கும் புத்தகங்கள் தனியாக இருக்கின்றன. தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சான்றிதழ், ஒரு மெடல். பத்தாம் வகுப்பு மார்க்கையாவது அந்தப் பிள்ளை எழுதித்தான் வாங்கியாக வேண்டும். முகாமின் சாதனைக்கு அந்த நிபந்தனைகூட இல்லை.

இதை மிகைப்படுத்தல் என்பவர்களுக்கு 'மிட்பிரைன் ஆக்டிவேஷன்' நினைவிருக்கும். சில வருஷங்களுக்கு முன் நம் சிற்றூர் மண்டபங்கள்வரை வந்து கல்லா கட்டிய கோடை வகுப்பு அது. மூளையின் நடுப்பகுதியைத் தூண்டிவிட்டால் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டே புத்தகம் படிக்கும், நிறம் சொல்லும் என்றார்கள். சொல்லவும் செய்தது. கண்கட்டுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள சந்து போதும், முகத்தைச் சற்று அண்ணாந்தால் கையிலிருக்கும் தாள் தெரியும். நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் ஊர் ஊராகப் போய் இதை அம்பலப்படுத்தினார்கள். அந்த வகுப்பில் பிள்ளை கற்றுக்கொண்டது, அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் காத்திருக்கும்போது தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டுவது எப்படி என்பதை. கற்றுக்கொடுத்தது யார் என்றால் பயிற்சியாளர் மட்டுமல்ல, முன்வரிசையும்தான். அந்த முன்வரிசை பிறகும் கூடவே வரும்: 2019-இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் நீட் தேர்வு ஆள்மாறாட்டம் பிடிபட்டபோது கைதானவர்களில் மாணவரோடு அவருடைய தந்தையும் இருந்தார். ஓவியத்தில் மிஸ்ஸு தீட்டிய சூரியனையும் அதையும் ஒரே தட்டில் வைக்கிறேனா என்று கேட்கலாம். வைக்கத்தான் செய்கிறேன்.

கோடை முகாம் என்ற ஏற்பாட்டின் பிறப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும். 1861-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஃபிரெடரிக் கன் என்ற ஆசிரியர் தன் பள்ளி மாணவர்களை நடக்கவைத்தே கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கூடாரம் அடித்துத் தங்கினார். படகு விட்டார்கள், மீன் பிடித்தார்கள். முதல் கோடை முகாம் என்று பலரும் சொல்வது இதைத்தான். பின்னால் நகரத்துப் பிள்ளைகள் காடும் ஏரியும் பார்க்கட்டும் என்று அந்த வழக்கம் பரவியது. நாம் மேகமலை அடிவாரத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, ஜன்னல் சாத்திய ஏ.சி. ஹாலில் உட்காரவைத்து, அதற்கும் கேம்ப் என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

இந்தப் பள்ளத்தாக்குப் பிள்ளைக்கு ஒரு கோடையில் கட்டாயம் கற்பிக்க வேண்டியது ஒன்று உண்டென்றால் அது நீச்சல். 1895-இல் பெரியாறு அணை வந்ததிலிருந்து இங்கே வாழ்க்கை தண்ணீரை ஒட்டித்தான். அணையில் நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் முதல் தேதி வாக்கில் மதகு திறப்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல்போக நெல்லுக்கு வாய்க்கால்கள் நிறையும். பள்ளி திறப்பதும் அதே சமயத்தில்தான். முல்லையாற்றிலும் கால்வாயிலும் தோட்டக் கிணற்றிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராத வருஷம் இல்லை. ஆனால் நான் வாங்கிப் பார்த்த நோட்டீஸ் ஒன்றிலும் நீச்சல் இல்லை. காரணம் செலவு என்பார்கள், பொறுப்பு என்பார்கள். அதுவும் உண்டு. நீச்சலை மண்டப மேடையில் ஏற்ற முடியாது என்பதுதான் எனக்குத் தெரிந்த காரணம். பத்தே நாளில் அரைகுறையாகக் கற்றதைத் தண்ணீரில் மறைக்கவும் முடியாது, மிஸ்ஸு வந்து கைகொடுக்கவும் முடியாது.

நிறைவு விழாப் பேச்சாளர்கள் தவறாமல் பண்ணைப்புரத்தை இழுப்பார்கள், இந்த மண் இளையராஜாவைத் தந்த மண் என்று. நானும் இழுக்கிறேன். அவர் பால்யத்தில் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் வருஷக்கணக்கில் பாட்டோடு கிடந்தவர். அங்கும் மேடை இருந்ததே என்று மடக்கலாம். மேடை மேல் எனக்குப் பகையில்லை. அந்த மேடையில் பாட்டு தப்பினால் எதிரில் இருந்த சனம் எழுந்து போயிருக்கும். முகாம் மேடையில் தப்பினாலும் கேடயம் உண்டு, சரியாகச் செய்தாலும் அதே கேடயம்தான். தன் வேலை நன்றாக இருந்ததா என்று பிள்ளை எதை வைத்துத் தெரிந்துகொள்ளும்?

செல்லிலிருந்து மீட்டோம் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. நிறைவு விழா முடிந்த ராத்திரியே எங்கள் தெருவில் எல்லார் ஸ்டேட்டஸிலும் அந்தப் பிள்ளைகள்தான். அரை நிமிஷ ரீல், பின்னணியில் மாஸ் பாட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு. என் மகளும் என் செல்லை வாங்கி மணிக்கொரு தரம் அந்தக் கணக்கைப் பார்த்தாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்பும் பெண்களின் பிள்ளைகளுக்குத்தான் கோடைப் பகலில் ஓர் இடம் உண்மையில் தேவை. நம் முகாம்கள் காலை பத்து முதல் ஒரு மணி வரை. கட்டணமோ அந்த அம்மாக்களின் பல நாள் கூலி.

தெரிந்த ஒருங்கிணைப்பாளர் ஒருவரிடம் கேட்டேன்: நிறைவு விழா, கேடயம், சான்றிதழ் எதுவும் இல்லாமல் முகாம் நடத்தினால் என்ன? அவர் யோசிக்கவே இல்லை. "யாரு சார் சேப்பாங்க? அட்மிஷன் போடும்போது மொதக் கேள்வியே சர்டிபிகேட் உண்டாங்கறதுதான். விளையாட்டரங்கத்துலயே கடைசியில சர்டிபிகேட் குடுக்குறாங்க, நான் குடுக்கலன்னா விடுவீங்களா?" அவரோடு சண்டை போட எனக்கு வாயில்லை. கட்டணம் கட்டுகிறவர்கள் கேட்பதை அவர் விற்கிறார். அடுத்த வருஷமும் மகள் தோழிகளோடு போகத்தான் ஆசைப்படுவாள், பணமும் கட்டுவேன். ஒத்திகை தொடங்கும் நாளில் அவளை நிறுத்திவிடுவதாக இருக்கிறேன். வீரபாண்டிக் கோயில் திருவிழாவும் கிட்டத்தட்ட அந்த வாரத்தில்தான் வரும். ராட்டினத்துக்கு எப்படியும் காசு வேண்டுமே, டி-ஷர்ட்டுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று மட்டும் விசாரிக்க வேண்டும்.