விலையறிந்த அவை: தொலைக்காட்சி விளையாட்டு நிகழ்ச்சியிற் பார்வையாளர் பெறும் இடம்

1

வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் பற்றி முற்போக்கு விமர்சகர்கள் எழுதியவற்றுள் ‘பார்வையாளர்’ என்னும் சொல் பெரும்பாலும் வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்பவரையே குறித்து வந்துள்ளது. அவர் எதனையும் செய்யாதவர், தரப்படுவதைப் பெற்றுக்கொள்பவர், எனவே எளிதில் ஏமாற்றப்படுபவர். அடோர்ணோவும் ஹோர்க்ஹைமரும் 1940களிற் பண்பாட்டுக் கைத்தொழில் பற்றி முன்வைத்த கருத்துக்களின் செல்வாக்கு இந்நோக்கிலே தெளிவாகப் புலப்படுகின்றது. ஆயின் தொலைக்காட்சிக்கு இன்னொரு பார்வையாளரும் உளர். நிகழ்ச்சி ஒளிப்பதிவு செய்யப்படும் கலையகத்தினுள்ளே அமர்ந்திருப்பவர் அவர். வீட்டிலிருப்பவர் காண்பதிலும் கேட்பதிலும் கணிசமான பகுதி இவருடைய முகமும் குரலுமேயாகும். இவர் காண்பவரா, காணப்படுபவரா? நுகர்பவரா, உற்பத்தியிற் பங்குகொள்பவரா? இவ்வினாக்களுக்கு விடை காண முயலும்போது வெகுசனப் பண்பாடு பற்றிய எமது கணிப்புகள் சிலவற்றை மீள்பரிசீலனை செய்ய வேண்டியிருப்பதை உணரலாம்.

இக்கட்டுரை ஒரு நிகழ்ச்சியை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றது. ஐக்கிய அமெரிக்காவிற் சீ.பீ.எஸ். வலையமைப்பில் 1972 செப்டெம்பர் முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒளிபரப்பாகி வரும் ‘த பிரைஸ் இஸ் றைட்’ என்பதே அது. ‘விலை சரியே’ என அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். 2007 வரை பொப் பார்க்கரும் அதன்பின் ட்றூ கேரியும் இதனை நடத்தி வந்துள்ளனர். விளையாட்டின் அடிப்படை எளிமையானது. ஒரு பொருள் காட்டப்படும். அதன் சில்லறை விலையை மதிப்பிட வேண்டும். உண்மை விலையைத் தாண்டாது அதற்கு மிக அண்மையில் நிற்பவர் வெல்வார். சூப்புப் பேணி தொடக்கம் மோட்டார்க் கார் வரை எல்லாமே இவ்வாறு மதிப்பிடப்படுகின்றன.

2

இந்நிகழ்ச்சியின் சிறப்பியல்பு, போட்டியாளர் அனைவரும் பார்வையாளர் நடுவிலிருந்தே அழைக்கப்படுவதாகும். ஒரு மணிநேர நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒன்பது பேர் அழைக்கப்படுவர். ஆகவே கலையகத்துக்கு வரும் ஒவ்வொருவரும் போட்டியாளராகும் வாய்ப்பைக் கருதியே வருகின்றார். நுழைவுச்சீட்டு இலவசம். எனினும் இருக்கைகளிலும் கூடிய தொகையாகவே சீட்டுகள் வழங்கப்படுவதால், சீட்டு வைத்திருத்தல் அனுமதிக்கு உறுதியாகாது. எனவே மக்கள் நேரத்தோடு வந்து வரிசையில் நிற்பர். ஒரு மணிநேர நிகழ்ச்சிக்காகத் தம் நாளின் பெரும்பகுதியை அவர்கள் செலவிடுகின்றனர்.

இக்காத்திருப்பு வெறும் காத்திருப்பன்று. படிவங்கள் நிரப்பப்படுகின்றன, கைத்தொலைபேசிகள் வாங்கி வைக்கப்படுகின்றன. சிறு சிறு குழுக்களாக நிறுத்தப்பட்டு, ஒவ்வொருவரும் தயாரிப்பாளர் ஒருவருடன் சில விநாடிகள் உரையாடுகின்றனர். ஊர் எது, தொழில் என்ன என்பன போன்ற சாதாரண வினாக்களே கேட்கப்படும். ஆனால் அந்த விநாடிகளிலேதான் தெரிவு நிகழ்கின்றது. விலை பற்றிய அறிவு அங்கே சோதிக்கப்படுவதில்லை, உற்சாகமே சோதிக்கப்படுகின்றது. தெரிவானவர் எவர் என்பது பெயர் அழைக்கப்படும் வரை சொல்லப்படுவதுமில்லை. இதன் விளைவு கவனத்துக்குரியது. தாமே தெரிவுசெய்யப்படக்கூடும் என்ற எதிர்பார்ப்பில் அனைவரும் உற்சாகமாக இருக்கின்றனர். இறுதியில் ஒன்பது பேரே அழைக்கப்படுகின்றனர். எஞ்சியோரின் உற்சாகமோ நிகழ்ச்சிக்கு முழுமையாகக் கிடைத்துவிடுகின்றது. வேலை தேடி வாயிலில் நிற்போரின் தொகை உள்ளே இருப்போரின் வேலையை விரைவுபடுத்துவதைத் தொழிற்சாலைகளிலே கண்டிருக்கின்றோம். இங்கு வாயிலில் நிற்போரும் உள்ளே இருப்போரும் ஒருவரே.

பார்வையாளர் மார்பில் ஒட்டப்படும் பெயர்ச்சீட்டும் நோக்கத்தக்கது. கடைப்பொருளிலே தொங்கும் விலைச்சீட்டின் வடிவில் அது அமைந்துள்ளது. விலை எழுதப்படும் இடத்தில் மனிதரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். மனித உறவுகள் பண்ட உறவுகளாகத் தோற்றம் பெறுவது பற்றி நாம் கோட்பாட்டளவிற் பேசி வந்துள்ளோம். அது இங்கே எவ்வித மறைப்புமின்றி, வேடிக்கையாகவும் விருப்பத்தோடும் மார்பில் அணியப்படுகின்றது.

கலையகத்தினுள் அறிவிப்பாளர் முன்கூட்டியே அவையைக் கிளர்ச்சியூட்டி வைப்பார். ஒளிப்பதிவு தொடங்கியதும் எழும் ஆரவாரத்தில், அழைக்கப்படும் பெயர் அழைக்கப்பட்டவருக்கே கேளாது. எனவே அப்பெயரைப் பெரிய அட்டையில் எழுதி உயர்த்திக் காட்டுகின்றனர். தன் பெயரைத் தான் கேட்க முடியாத அளவுக்கு உரத்த ஒலியினை அவ்வவையே உண்டாக்குகின்றது. நிகழ்ச்சியின் உயிர்நாடியும் அவ்வொலியே.

3

அவையின் இப்பங்கு திடீரெனத் தோன்றியதன்று. அமெரிக்க ஒலி, ஒளிபரப்பு வரலாற்றில் அதற்கு முன்வடிவங்கள் உள. அவற்றுள் இரண்டை ஒப்புநோக்குதல் பயனுடையது.

முதலாவது, 1945இல் வானொலியில் தொடங்கி, 1956 முதல் 1964 வரை தேசிய தொலைக்காட்சியில் இடம்பெற்ற ‘குயின் ஃபோர் எ டே’ என்னும் நிகழ்ச்சி. இதிற் பெண்கள் தம் துயரக் கதைகளைக் கூறி, தமக்குத் தேவையானதொன்றைக் கேட்பர். எவருடைய கதைக்கு அவை மிகக் கூடுதலாகக் கைதட்டியதெனக் கருவியொன்று காட்டும். அவரே ‘ஒரு நாள் அரசி’. நோயுற்ற பிள்ளையின் சிகிச்சைத் தேவையும் பழுதான சலவை இயந்திரமும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டன. சமூகம் பொறுப்பேற்க வேண்டிய துன்பத்தை அவையின் இரக்கம் பொறுப்பேற்றது, அவ்விரக்கமும் போட்டியாக்கப்பட்டது.

இரண்டாவது, 1956இல் தொடங்கிய ‘ட்வென்ரி வண்’ போன்ற வினாவிடை நிகழ்ச்சிகள். இங்கே போட்டியாளர் ஒலி புகாத கண்ணாடிக் கூண்டினுள் அடைக்கப்பட்டார். அறிவு தனிமனிதரின் உடைமை என்பதும், அவை வியந்து பார்ப்பதற்கு மாத்திரம் உரியது என்பதும் அக்கூண்டின் பொருளாகும். சார்ள்ஸ் வான் டோரன் என்ற பல்கலைக்கழக ஆசிரியருக்கு விடைகள் முன்கூட்டியே வழங்கப்பட்டிருந்தமை 1959இற் கொங்கிரஸ் விசாரணையில் அவர் வாயாலேயே வெளிவந்தது. மக்களை ஏமாற்றும் நோக்குடன் இத்தகைய போட்டிகளை முன்னேற்பாடு செய்வது 1960இற் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

‘த பிரைஸ் இஸ் றைட்’ இவ்விரண்டிலிருந்தும் வேறுபடுகின்றது. இதில் எவரும் தம் துயரை விற்க வேண்டியதில்லை. கூண்டும் இல்லை. மேடையில் நிற்பவர் தடுமாறும்போது அவையை நோக்கித் திரும்புகின்றார்; அவை விலைகளைக் கூவுகின்றது; அவர் கேட்டு முடிவெடுக்கின்றார். இது விதிமீறல் அன்று. விளையாட்டின் இயல்பான அங்கமே. மேலும் இங்கு வேண்டப்படும் அறிவு நூலறிவன்று. வாரந்தோறும் கடைக்குச் சென்று, கையிலுள்ள பணத்தை எண்ணிப் பார்த்துச் சவர்க்காரத் தூளும் பால்மாவும் வாங்கும் சாதாரண மக்களின் அறிவு. பகல் வேளையில் ஒளிபரப்பாகும் இந்நிகழ்ச்சியை நெடுங்காலம் போற்றியோரில் இல்லத்தரசியரும் முதியோரும் பெருந்தொகையினர் என்பதை இதனுடன் இணைத்தே நோக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே எவரும் மதிக்காத ஓர் அறிவு இங்கே பகிரங்கமாக மதிப்புப் பெறுகின்றது.

4

இவ்விடத்திற் பிறெக்ற்றின் கருத்தொன்றை நினைவுகூர்தல் பொருந்தும். 1926இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில் அவர், நாடக அரங்கு விளையாட்டரங்கின் பார்வையாளரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என வாதிட்டார். குத்துச்சண்டை பார்க்க வருபவருக்கு அங்கு நிகழப்போவது எதுவெனத் தெரியும்; விதிகள் தெரியும்; அவர் உணர்ச்சியில் மூழ்கிப்போகாமல் மதிப்பிட்டவாறே களிக்கின்றார். இத்தகைய விடயமறிந்த பார்வையாளரையே பிறெக்ற் விரும்பினார். நாடுகடந்து வாழ்ந்த காலத்தில், 1941 முதல் 1947 வரை, அவர் லொஸ் ஏஞ்சல்சை அடுத்த சாந்தா மொனிக்காவிலேயே வசித்தார். அடோர்ணோவும் ஹோர்க்ஹைமரும் அக்காலத்தில் அப்பகுதியிலேயே வாழ்ந்தனர். 1952இல் அந்நகரிலே திறக்கப்பட்ட தொலைக்காட்சி நகரக் கலையகத்திலேதான் 1972 முதல் 2023 வரை இந்நிகழ்ச்சி ஒளிப்பதிவு செய்யப்பட்டது.

பிறெக்ற் வேண்டிய பண்புகள் யாவும் இவ்வவைக்கு உண்டு. அது விதிகளை அறியும், மதிப்பிடும், வாய்விட்டுத் தலையிடும், அந்நியர் ஒருவரின் வெற்றிக்காக மனமார மகிழும். ஆயின் அது மதிப்பிடுவது எதனை? பொருளின் பயனையோ, அதனை ஆக்கிய உழைப்பையோ அன்று, விலையை மாத்திரமே. இவ்விலை ஏன் இவ்வளவு என்ற வினா அங்கே எழ இடமில்லை. நிகழ்ச்சியின் பெயரே அதற்கு முற்கூட்டிய விடையாகும். விலை எப்போதும் சரி. பிழை விடுபவர் மனிதரே. விமர்சன நோக்குக் கொள்ளும் ஆற்றல் மக்களிடம் இல்லை என்பதன்று இங்குள்ள பிரச்சினை. அவ்வாற்றல் நிறைவாகவே உள்ளது. அது திருப்பிவிடப்பட்ட திசையே பிரச்சினையாகும். இந்நிகழ்ச்சியின் கருத்துநிலைத் தாக்கத்தை இங்கேதான் காணவேண்டும்.

5

அவையின் உழைப்பு கூட்டானது. அதன் பயன் தனியானது. இம்முரண்பாட்டினை 2008ஆம் ஆண்டு நிகழ்வொன்று துலக்கமாகக் காட்டுகின்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் ஒளிப்பதிவு செய்யப்பட்டு டிசெம்பரில் ஒளிபரப்பான நிகழ்ச்சியொன்றின் இறுதிச் சுற்றிற் போட்டியாளர் ஒருவர், பல பொருள்கள் அடங்கிய பரிசுத் தொகுதியின் விலையை 23,743 டொலர் எனக் கூறினார். உண்மை விலையும் ஒரு டொலர் தானும் வேறுபடாது அதுவாகவே இருந்தது. மோசடி நடந்ததோ என்ற ஐயத்தில் ஒளிப்பதிவு இடைநிறுத்தப்பட்டது. பின்னர் பரிசு வழங்கப்பட்டது.

இதற்கான விளக்கம் எளிமையானது. நிகழ்ச்சியில் ஒரே பொருள்கள் மீண்டும் மீண்டும் இடம்பெற்று வந்தன. பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்து விலைகளை மனனம் செய்தோர் அவையில் இருந்தனர். அவ்விலையைத் தானே கணித்ததாகப் போட்டியாளர் கூறினார். அவையில் அமர்ந்திருந்த நீண்டகால இரசிகர் ஒருவரோ, தாம் சொல்லிக்கொடுத்ததே அத்தொகை என்றார். எவர் கூற்று உண்மை என்பது எமக்கு முக்கியமன்று. அறிவு எவருடையது என்ற வினா அங்கே எழுந்தது என்பதே முக்கியம். கூவும் அவையில் ஒருவர் குரலை இன்னொருவர் குரலிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. விளைவுக்கோ ஒரே ஒரு பெயர்தான் சூட்டப்படுகின்றது. அவ்வவையின் அறிவு பிழையான விலைகளைக் கூவும்வரை கொண்டாடப்படுகின்றது. முற்றிலும் சரியாகிவிட்டால் ஐயத்துக்குரியதாகின்றது.

வென்றவரின் நிலையையும் மிகைப்படுத்த வேண்டியதில்லை. பரிசுப் பொருள் வருமானமாகவே கருதப்பட்டு வரிக்குட்படுகின்றது. தாம் கேட்டுப் பெறாத பொருளுக்குப் பணமாக வரி செலுத்த முடியாமற் பரிசைக் கைவிடுவோரும் உளர்.

6

கனடிய அறிஞர் டலஸ் ஸ்மைத் 1977இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், வணிக ஒலி, ஒளிபரப்பு உற்பத்தி செய்யும் உண்மையான பண்டம் பார்வையாளரே என்றும், விளம்பரதாரருக்கு விற்கப்படுவது அவர்களின் கவனமே என்றும் வாதிட்டார். வீட்டுப் பார்வையாளருக்கு இது பொருந்தும். கலையகப் பார்வையாளருக்கு இதனை மேலும் நீட்டிக் கொள்ள வேண்டும். விற்கப்படும் கவனத்தை ஈர்க்கும் கருவிகளுள் ஒன்றாக அவருடைய உழைப்பு அமைகின்றது. லொஸ் ஏஞ்சல்சிற் சில நிகழ்ச்சிகள் கூலி கொடுத்தே அவையை நிரப்புகின்றன என்பது, இது உழைப்புத்தான் என்பதைத் தொழிற்றுறையே அறிந்திருப்பதைக் காட்டும். இங்கு கூலிக்குப் பதிலாக வாய்ப்பு வழங்கப்படுகின்றது.

இதற்கு ஐயத்துக்கிடமற்ற சான்று 2020இற் கிடைத்தது. கொள்ளைநோய்க் காலத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஒளிப்பதிவு அவ்வாண்டு பிற்பகுதியில் அவையின்றித் தொடங்கியது. முன்கூட்டியே தெரிவுசெய்யப்பட்ட போட்டியாளர் மாத்திரம் வந்தனர். விதிகள் அவையே, பரிசுகள் அவையே, நடத்துநரும் அவரே. ஆயினும் தடுமாறிய போட்டியாளர் திரும்பிப் பார்க்க எவரும் இல்லை. அழைப்பு ஒலித்தது, அழைக்கப்படாதோரின் ஆரவாரம் இல்லை. அதுகாறும் பின்னணி எனக் கருதப்பட்டது நிகழ்ச்சியின் பாதி என்பது, அது இல்லாதபோதே வெளிப்பட்டது. வேலைநிறுத்தத்தின்போதே உழைப்பு கண்ணுக்குத் தெரிகின்றது என்பது தொழிலாளர் இயக்கம் நெடுங்காலமாக அறிந்த உண்மை.

7

மேற்கூறியவற்றிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வெகுசனப் பண்பாட்டின் பார்வையாளரைச் செயலற்றவர் எனக் கொள்ளும் விமர்சனம், அவர் ஆற்றும் உழைப்பைக் காணத் தவறுகின்றது. அதனால் அவ்வுழைப்பு சுரண்டப்படுவதையும் காணத் தவறுகின்றது. மக்கள் மந்தைகள் என்று இகழும் விமர்சகரும், அவ்வவைக்கு எதுவும் கொடுக்காது அதன் குரலைப் பெறும் தயாரிப்பாளரும் இவ்விடயத்தில் ஒரே நிலைப்பாட்டில் நிற்கின்றனர்.

இரண்டாவது, அவ்வவையில் வெளிப்படும் கூட்டுணர்வைப் போலியெனத் தள்ளிவிட முடியாது. முன்பின் அறியாத பலர், தமக்கு எவ்விதப் பயனும் கிட்டாத நிலையில், அந்நியர் ஒருவருக்குத் தாம் அறிந்ததைச் சொல்லிக்கொடுத்து, அவர் வென்றால் எழுந்து நின்று மகிழ்கின்றனர். சந்தைச் சமூகத்தில் அரிதாகவே வாய்க்கும் இவ்வனுபவத்துக்காகவே பலர் மீண்டும் மீண்டும் வரிசையில் நிற்கின்றனர் போலும். அவ்வுணர்வுக்கு வேறு களம் கிடைக்காமையாலேயே அது விலைச்சீட்டை அணிந்துகொண்டு அங்கே செல்கின்றது. இத்தகைய களங்களை எமது அரங்கும் கல்வியும் அரசியலும் உருவாக்கத் தவறிய இடத்திலேதான் வணிகத் தொலைக்காட்சி தன் கலையகத்தின் கதவைத் திறந்து வைத்திருக்கின்றது. அங்கே நுழைவோரைப் பழிப்பதிலும் பார்க்க, அவர்கள் எதனைத் தேடி நுழைகின்றனர் என ஆராய்வதே முற்போக்கு விமர்சனத்தின் முன்னுள்ள பணியாகும்.