இரண்டு அச்சுப்பொறிகள்: எது நிலைத்தது?

பழைய கணிப்பொறி ஒன்றை இயங்கவைப்பது பாதி வேலைதான். அதனுடன் அக்காலத்து அச்சுப்பொறியை இணைத்து எழுதவைப்பதே உண்மையான தேர்வு. 1981-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகர நிறுவனங்கள் இரண்டு வெளியிட்ட கணிப்பொறிகளை இத்தேர்வில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, சின்க்ளேர் இசட்.எக்ஸ். 81. இதன் அச்சுப்பொறியில் மையும் இல்லை, நாடாவும் இல்லை. கறுப்புக் காகிதத்தின்மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு இருக்கும். ஓடும் பட்டையில் பொருத்திய இரண்டு ஊசிகள் அதை உரசிச் செல்லும். மின்சாரம் பாயும் இடத்தில் அலுமினியம் ஆவியாகி, அடியிலுள்ள கறுப்பு புள்ளியாகத் தெரியும். ஒரு வரிக்கு 32 எழுத்துகள். விலை ஏறத்தாழ 50 பவுன். இயற்பியல் நோக்கில் அழகிய அமைப்பு! ஆனால் அது தன் நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்கு மட்டுமே உரியது. தனிவகைக் காகிதம் தீர்ந்தால் ஊமையாகிவிடும்.

இரண்டாவது, ஏக்கார்ன் நிறுவனத்தின் பி.பி.சி. மைக்ரோ. 1984-ல் இந்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்ததும் இதுவே. இதன் ‘பி’ மாதிரியில் சென்ட்ரானிக்ஸ் முறை இணைப்பு உண்டு. எட்டுக் கம்பிகளில் ஓர் எழுத்தின் குறியீடு ஒரே நேரத்தில் செல்லும். ‘எடுத்துக்கொள்’ என்று இன்னொரு கம்பி சிறு துடிப்பு அனுப்பும். ‘பெற்றேன்’ என்று அச்சுப்பொறி விடை தரும். எல்லாம் 5 வோல்ட் அளவிலேயே. ஆகவே 1980-ல் வந்த எப்சன் எம்.எக்ஸ். 80 போன்ற வேற்று நிறுவனப் பொறியையும் தக்க கம்பிவடம் கொண்டு இணைக்கலாம். வி.டி.யு. 2 என்று கட்டளையிட்டால் அச்சு தொடங்கும். காகிதம் சாதாரணமானது. நாடாவுக்கு மறுபடி மை ஏற்றலாம். 9 ஊசிகள் கொண்ட அச்சுத் தலையையும் மாற்றலாம்.

இம்முறையிலும் குறை இல்லாமல் இல்லை. வரி முடிந்ததும் காகிதத்தை நகர்த்த வேண்டியவர் யார்? அச்சுப்பொறி தானே நகர்த்தும் என்று கருதி, பி.பி.சி. மைக்ரோ அதற்குரிய 10 என்ற குறியீட்டை அனுப்பாமல் நிறுத்திவிடும். அச்சுப்பொறியோ அக்குறியீட்டுக்காகக் காத்திருந்தால், எல்லா வரிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். பொறி பழுதென்று எண்ணிவிடக் கூடாது. நட்சத்திரக் குறியிட்டு எஃப்.எக்ஸ். 6,0 என்று கட்டளையிட்டால் போதும். அல்லது அச்சுப்பொறியினுள் இருக்கும் சிறு விசையை மாற்றினாலும் போதும். தீர்வு எளிது, ஆனால் கையேடு இல்லாதவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? வழக்கமாகப் பரவிய இவ்விணைப்பு 1994-ல்தான் முறையான தரமாக வகுக்கப்பட்டது.

சின்க்ளேர் பொறி மலிவு; எப்சன் அதைப்போல் பல மடங்கு விலை. மாணவன் கைக்கு எட்டியது முன்னதே என்பதை மறுக்க முடியாது. ஆயினும் நீண்ட நாள் உழைப்பதற்குப் புதுமை மட்டும் போதாது. பிற கருவிகளோடு பேசும் பொதுமொழியும், எங்கும் கிடைக்கும் பொருளும், விளக்கமான கையேடும் வேண்டும். புதிய கருவி வாங்கும் ஆய்வுக்கூடங்கள் விலைப்பட்டியலைப் பார்க்குமுன் இம்மூன்றையும் கேட்பது நல்லது.