பெட்டி போனாலும் சரக்கு இருக்கும்

ஒரு பழைய கூட்டுறவுச் சங்கம். இருபது வருஷக் கடன் கணக்கு டிபேஸில் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஒருநாள் மண்டையைப் போடுகிறது. கடைக்காரர் விண்டோஸ் 11-உடன் புதுசு தருகிறார். அதில் டிபேஸைக் காப்பி பண்ணித் தட்டினால், 'ஓடாது' என்று மரியாதையாகச் சொல்லிவிடும். 64 பிட் விண்டோஸுக்கு 16 பிட் புரோகிராம்களை ஓட்டத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் உள்ளே ஒரு பொய் டாஸ் உருவாகும், டிபேஸ் அதில் எழுந்து உட்காரும். ஆனால், டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. பிரிண்ட் எடுக்க வேண்டும், நாலு பேர் ஒரே ஃபைலைத் திறக்க வேண்டும் என்றால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் அல்லது விடாஸ் பாருங்கள்.

அப்போதும் வேடிக்கைகள் உண்டு. அந்தக் காலத்துப் புரோகிராம்கள் சில, டிஸ்க்கில் 2 ஜி.பி.க்கு மேல் காலியாக இருந்தால் 'இடம் போதாது' என்று அழும். எண்ணிக்கை எல்லை தாண்டி மைனஸில் போய்விடுவதுதான் காரணம். இடம் அதிகம், அதனால் இடமில்லை!

இந்தக் கிழவரை ஏன் இத்தனை பாடுபட்டு எழுப்ப வேண்டும்? டிபேஸை ஒரு படைப்பாகப் பார்த்தால் குறைகள் ஏராளம். திறந்தால் ஒரு புள்ளி மட்டும் நிற்கும். என்ன செய்வது என்று அது சொல்லாது, நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃபீல்டு பெயர் பத்து எழுத்துக்கு மேல் கூடாது. எழுதினவர் ரிட்டயர் ஆனபின், அந்தச் சுருக்கங்களுக்கு அர்த்தம் சொல்ல ஆள் கிடையாது. பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

ஆனால், அந்தக் கடைசிக் குறைதான் இன்று பெரிய குணம். அமெரிக்காவில் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப், ஃபுட்பால் பந்தயக் கணக்குக்காக ஆரம்பித்த விஷயம் இது. டிபேஸ் III 1984-ல் வந்தது. அதன் டி.பி.எஃப். ஃபைலைப் பாருங்கள். தலையில் ஃபீல்டுகளின் பட்டியல். அதற்குக் கீழே வரிசையாகச் சாதாரண எழுத்துகள். தேதிகூட 19870415 என்று பச்சையாக இருக்கும். அழித்த பதிவும் உடனே போகாது, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவே. 'பேக்' சொன்னால்தான் போகும்.

கம்பெனி 1991-ல் போர்லேண்டுக்குக் கைமாறியது. ஃபைல் மட்டும் சாகவில்லை. இன்றைக்கும் மேப் மென்பொருள்களில் புழங்கும் ஷேப்ஃபைலுக்குள் இருப்பது இதே டி.பி.எஃப்.தான்.

இப்போது வருகிற அழகான புரோகிராம்களை இந்த இடத்தில்தான் குறை சொல்கிறேன். வண்ணம், ஐகான், மாதச் சந்தா எல்லாம் சரி. சந்தா கட்டாவிட்டால் உங்கள் கணக்கை நீங்களே படிக்க முடியுமா? வாங்குமுன் கடைக்காரரிடம் கேளுங்கள். தலையைச் சொறிந்தால் வேண்டாம்.

பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புரோகிராமை எழுப்புவதற்கு முன் டி.பி.எஃப்., டி.பி.டி. ஃபைல்களை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்து பாருங்கள். இருபது வருஷமும் சமர்த்தாக வந்து நிற்கும். பலருக்கு டாஸே தேவைப்படாது.