நான்கு எண்களின் பெருக்கல்

எண்ணெய்க் கிணற்றுக்குத் துளையிடும் முன் நிலவியலாளர் போடும் சின்னப் பெருக்கல் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். எண்ணெய் பிறந்த மூலப்பாறை, அது தங்கும் நுண்துளைப் பாறை, தேக்கிவைக்கும் மடிப்பு, கசியவிடாத மூடுபாறை: நான்கும் ஒருசேர அமைய வேண்டும். ஒவ்வொன்றும் அமையும் வாய்ப்பைத் தனித்தனியே 0.8, 0.7, 0.6, 0.5 என்று தாராளமாகவே கொடுத்தாலும், பெருக்கினால் 17 சதவீதம்கூடத் தேறாது. ஆசையை இப்படிக் கூறுபோட வைப்பதுதான் இதன் அழகு. நான்கில் ஒன்று பொய்த்தாலே போதும், எல்லாம் வீண்: 1983-இல் அலாஸ்காவுக்கு வடக்கே, பியூஃபோர்ட் கடலில் செயற்கைத் தீவு எழுப்பித் துளைத்த மக்லக் கிணற்றில் எண்ணெய்க் கறை படிந்த பாறையும் உப்புநீருமே கிடைத்தன; ஒருகாலத்தில் இருந்த எண்ணெய் வெளியேறிவிட்டிருந்தது. இந்த எண்களே ஊகம்தானே என்பார்கள். ஒரே கிணற்றுக்கு அது சரி. ஆனால் 20 சதவீதம் என்று குறித்த 50 கிணறுகளில் ஏறக்குறைய பத்து பலிக்க வேண்டும். இரண்டே பலித்தால், மதிப்பிட்டவரின் மிகைநம்பிக்கை வெளிப்பட்டுவிடும்.