‘கேமராபெர்சன்’: ஒளிப்பதிவாளர் நிற்கும் இடம்

நிலையான ஊதியம் இன்றிப் படந்தோறும் தனித்தனியே அமர்த்தப்பெறும் ஆவணப்பட ஒளிப்பதிவாளர், தம்மை மறைத்துக்கொள்ளும் கடப்பாடு உடையவர். அவர் எடுத்த காட்சிகள் இயக்குநர் பெயரால் வழங்கும். அவர்தம் மூச்சொலியும் கைந்நடுக்கமும் தொகுப்பறையில் களையப்பெறும். அங்ஙனம் களையப்படுவனவற்றுள்ளேயே அக்கலையின் உயிர் உறைகின்றது என்பதனைக் காட்டுவது, அமெரிக்க ஒளிப்பதிவாளராகிய கர்ஸ்டன் ஜான்சன் 2016-இல் வெளியிட்ட ‘கேமராபெர்சன்’ என்னும் படமாகும்.

மைக்கேல் மூரின் ‘பாரன்ஹீட் 9/11’ (2004), லாரா பாய்ட்ரஸின் ‘சிட்டிசன்போர்’ (2014) முதலிய படங்களின் ஒளிப்பதிவில் பங்கு கொண்டவர் ஜான்சன். ஏறத்தாழ 25 ஆண்டுகள் பிறருக்காகத் தாம் எடுத்த காட்சிகளை, நெல்ஸ் பாங்கர்ட்டர் என்னும் தொகுப்பாளர் துணையுடன் ஒருங்கு சேர்த்து, அவற்றைத் தம் வாழ்க்கை நினைவுகளாகக் கொள்ளுமாறு தொடக்கத்திலேயே வேண்டுகின்றார். படத்தில் விளக்கவுரை இல்லை, இடப்பெயர்களே தோன்றுகின்றன. வெவ்வேறு காலத்துப் பிறந்த தனிப்பாடல்கள் தொகை நூலுள் அடுத்தடுத்து அமைந்து ஒன்றற்கொன்று ஒளி தருதல் போல, இக்காட்சிகளும் தம்முள் இயைந்து புதுப்பொருள் பயக்கின்றன.

மிசௌரி மாநிலத்து வெளியில் கேமரா அசைவின்றி நிற்கின்றது. மின்னல் வீழ்கின்றது, கேமராவின் பின்னிருந்து வியப்பொலி எழுகின்றது. சிறிது பொழுதில் அவர் தும்ம, காட்சி முழுதும் குலுங்குகின்றது. அதுகாறும் இயற்கையை நேரே கண்டதாகக் கருதிய நாம், ஒருவர் ஓரிடத்து நின்று கண்டதனையே கண்டோம் என உணர்கின்றோம்.

இவ்வுணர்வு பின்னர் அறவினாவாக வளர்கின்றது. போஸ்னியாவில் சிறு குழந்தை கோடரியை எடுத்து விளையாடுகின்றது. ஜான்சனின் அச்சக்குரல் கேட்கின்றது; பதிவோ நிற்கவில்லை. நைஜீரியாவின் கானோ நகர மருத்துவமனையில் பச்சிளங்குழவி மூச்சுக்குத் தவிக்கின்றது. வேண்டிய பிராணவாயு அங்கில்லை. ஆண்டும் கேமரா விலகவில்லை. காட்சியைக் காப்பதா, கைந்நீட்டித் தடுப்பதா என்னும் போராட்டமே இத்தொழிலின் உள்ளீடு. பெரும்பாலான படங்கள் மறைக்கும் அப்போராட்டத்தை ஜான்சன் மறைத்திலர்.

எனினும் ஒரு தடை எழுதல் இயல்பு. காபூலில் குண்டுவெடிப்பால் ஒரு கண்ணிழந்த சிறுவன், தன் உடன்பிறந்தானின் இறப்பினைக் கூறுகின்றான். அவன் கூறியது வேறொரு படத்திற்காக. அத்துயரைத் தம் நினைவுக்கு உறுப்பாக்கும் உரிமை எடுத்தவருக்கு எங்ஙனம் வந்தது? வையோமிங்கில் மறதி நோயால் நலிந்த தம் தாயினையும் ஜான்சன் அதே கேமராவின் முன் நிறுத்துகின்றார். பிறர்க்கு நேர்ந்ததனைத் தம் குடும்பத்திற்கும் நேரச் செய்யும் இந்நேர்மை அவ்வினாவின் கூர்மையைக் குறைக்கின்றது. ஆயின் முற்றும் விடையாகாது. விடையின்மையை மூடாது விட்டமையே இப்படத்தின் வலிமை.

ஆகவே, அசையாத கையும் தெளிந்த ஒளியும் மட்டுமே ஆவணப்பட ஒளிப்பதிவின் சிறப்பாகா. தாம் எங்கு நின்று, எதனைச் செய்யாது விட்டு, இக்காட்சியைப் பெற்றோம் என்பதனைக் காண்போர் அறியச் செய்தலும் அக்கலையின் இன்றியமையாத கூறு என்பது இப்படத்தால் பெறப்படுகின்றது.