முத்துக்குளித்துறை எழுத்தில் அருளும் கடமையும்

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம் பற்றிய பேச்சில் ஒரு கருத்து கேள்வியின்றி உலவுகிறது. விசுவாசத்தால் வரும் விடுதலை என்பதைத் திருநெல்வேலிச் சீமையின் உள்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளே கொண்டுவந்தனவாம். முத்துக்குளித்துறையின் கத்தோலிக்கமோ தொடக்கம் முதல் ஒப்பந்தம், சடங்கு, வரி என்ற அளவில் நின்றுவிட்டதாம். ஆகவே அந்தக் கரையின் நாவல்களில் மீன்களின் பெயர்களையும் காற்றுகளின் பெயர்களையும் பொறுக்கிக்கொண்டால் போதும் என்கிறார்கள். ‘நெய்தல் இலக்கியம்’ என்று வகைபிரித்த பிறகு இந்தச் சோம்பல் இன்னும் வசதியாகிவிட்டது. இது தவறான வாசிப்பு.

தொடக்கம் ஒப்பந்தம்தான், அதை மறுக்க வேண்டியதில்லை. 1535 முதல் 1537 வரை இந்தக் கரையின் மீனவச் சமூகமான பரதவர் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றது போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி. 1542இல் வந்த சவேரியார் செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் மனப்பாடம் செய்வித்தார். ஆனால் 1546இல் இந்தியா வந்த அண்டிரிக் அடிகளாரை விமரிசகர்கள் ‘தமிழ் அச்சின் தந்தை’ என்று ஒரு வரியில் வணங்கிவிட்டு நகர்கிறார்கள். யூத வம்சாவளி என்பதற்காகவே பிரான்சிஸ்கன் சபையிலிருந்து விலக்கப்பட்ட மனிதர் அவர். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’த்தைக் கொண்டாடும் நாம், 1580இல் கொச்சியில் அச்சான அவருடைய ‘கொம்பெசியோனாயரு’வைத் திறந்து பார்ப்பதில்லை. அது பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. மேலோட்டமாகப் பார்த்தால் கடமைகளின் பட்டியல் என்று தோன்றும். ஆனால் சாதித் தலைவரின் சொல்லுக்கு ஊரே கூட்டமாக முழுக்குப் பெற்ற கரையில், ஒவ்வொருவரையும் தனியே நிறுத்தி ‘நீ என்ன செய்தாய்’ என்று கேட்கும் முதல் தமிழ் அச்சுநூல் அது. தன் மனச்சாட்சிக்குத் தானே பதில் சொல்ல வேண்டியவன்தான் மன்னிப்பையும் தனக்கென்று பெற முடியும். இந்த அச்சுவேலைக்குப் பணம் தந்தவர்கள் பரதவர்களே. வரிக்கு அஞ்சியவர்கள் செய்கிற காரியமாக இதை எப்படிப் படிப்பது?

அடுத்த முந்நூறு ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ பிரம்மாண்டமானது, இந்த விவாதத்துக்கு அதிகம் உதவாதது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894), ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனைத் தழுவி, சிலுவையடியில் சுமை கழன்று விழும் காட்சியைக் கம்பனின் நடையில் தந்தது. அதன் பெருமையைக் குறைக்க மாட்டேன். ஆனால் அதே சீர்திருத்த வட்டாரத்தில், நாசரேத்தில், அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857இல் மிஷனரிகளின் அதிகாரத்தை உதறித் தனிச் சபை கண்டபோது நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளையரின் நுகத்தை எறிந்த அந்தத் துணிச்சல்காரர், சனிக்கிழமை ஓய்வுநாளையும் பழைய ஏற்பாட்டு ஆசாரங்களையும் ஏற்றுக்கொண்டார். பழைய சட்டத்தின் நுகத்துக்குத் திரும்பாதீர்கள் என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதிய திருமுகம் எச்சரித்த இடம் துல்லியமாக இதுவே. விடுதலை எந்தச் சபைக்கும் பரம்பரைச் சொத்தாக எழுதிவைக்கப்படவில்லை.

அந்த விடுதலை தமிழ் உரைநடையில் முழுமையாக நிகழ்ந்தது 1977இல், மணப்பாட்டில் நிகழும் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலில். பிலோமி தன்னையே தந்து நேசித்த சாமிதாஸ் அவளை விட்டுப் போகிறான். தாய் மரியம்மைக்கும் வாத்திக்கும் இருந்த நேசத்தை ஊர் எந்தத் தராசில் நிறுத்தும் என்பது பிலோமிக்குத் தெரியும். வல்லங்களுக்கும் லாஞ்சுகளுக்கும் இடையே பகை மூள்கிறது, தந்தை குரூஸ் மிக்கேலின் உலகம் சரிகிறது. இத்தனைக்கும் நடுவில் அவள் யாரையும் வெறுக்காமல் இருக்கிறாள். மன்னிப்பது அவளுக்குக் கட்டளையாக வருவதில்லை. சுவர்க்கத்தில் வரவு வைப்பதற்காகவும் அவள் மன்னிக்கவில்லை. நேசிக்கப்பட்டவள் என்ற நிறைவிலிருந்து அது தானாகச் சுரக்கிறது. லூத்தர் 1520இல் கிறிஸ்தவனின் விடுதலை பற்றி எழுதிய சிறுநூலின் மையம், செயல்கள் விசுவாசத்தின் கனிகள், மீட்புக்கான விலை அல்ல என்பது. அதைத் தமிழில் வாழ்ந்து காட்டியவள் ஒரு கத்தோலிக்கப் பரதவப் பெண். வண்ணநிலவன் அந்தச் சமூகத்தவர் அல்லர், இது வெளியாளின் கனவு என்பார்கள். அப்படியானால் கரையிலேயே பிறந்த ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) ஏன் அதே இடத்துக்கு வந்து சேர்கிறது? நடுக்கடலில் தத்தளிக்கும் மூவரில் மூத்தவர்கள் சிலுவை என்னும் இளையவன் பிழைக்கத் தங்கள் உயிரை விடுகிறார்கள். எந்தக் குற்றமும் செய்யாதவர்கள் அல்லர் அவர்கள். அதனால்தான் அந்தக் கொடை அருளாகிறது. 2013இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘கொற்கை’யோ, துறைமுக நகரின் அதிகாரப் போட்டிகளை அசாத்திய உழைப்போடு தொகுத்தும், தனிமனித விசுவாசத்தை ஆண்டுக்கணக்குகளுக்கு அடியில் புதைத்துவிட்டது.

கடமை இல்லாமல் ஊர் நிற்குமா என்ற மறுப்பு நியாயமானது. பனிமய மாதாவின் தங்கத்தேர் தனிமனித மனச்சாட்சியால் மட்டும் நகராது. பல கைகள் வடம் பிடிக்க வேண்டும். ஆனால் அன்பினால் பிடிக்கும் வடமும், சுறாவின் துவி (துடுப்பு) கோயிலுக்கே உரியது என்ற குத்தகையும் ஒன்றல்ல. பின்னது கரையூர்களில் சண்டையையே வளர்த்தது. விசுவாசம் அழிக்க வருவது ஊர்க்கடமையை அல்ல, அந்தக் கடமையைச் செலுத்திக் கடவுளிடம் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை. இந்த வேறுபாட்டை நம் இறையியலாளர்களைவிடத் தெளிவாகக் கண்டவள் பிலோமி. கடற்கரையை எழுத வரும் இளைஞர்கள் ‘கொற்கை’யின் பருமனை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். முதலில் ‘கடல்புரத்தில்’ படியுங்கள்.